ரோனி பீட்டர்சன் 1978 கயாலாமியில் ஜெயித்த கார் எது: லோட்டஸ் 78-ஆ, 79-ஆ?

கடலோரம், டர்பன்

வணக்கம். ஃபார்முலா 1 ஓட்டுநர், ஸ்வீடன்காரர் ரோனி பீட்டர்சன் 1978 மார்ச்சில் நம்ம கயாலாமி பந்தயப் பாதையில் ஜெயித்த காரை 1/20 அளவில் மாடலாகக் கட்டப் போகிறேன். மாடல் கிட் தயாரிக்கும் டமியாவில் லோட்டஸ் 78, லோட்டஸ் 79 ரெண்டு கிட்டும் உண்டு. கடையில் கேட்டால் "1978 என்றால் 79 தான்" என்கிறார்கள். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

தெரிந்தவர்கள் மூன்று விஷயம் சொல்லுங்கள். முதலாவது, எந்தக் கார், என்ன நம்பர், எதில் ஏமாறக்கூடும். இரண்டாவது, கறுப்பு ஸ்பிரே. டர்பன் ஈரக்காற்றில் கறுப்பு அடித்தால் பால் ஊற்றியது மாதிரி வெளுக்கிறது என்று பலர் புலம்புகிறார்கள். ஏன் அப்படி, எப்படித் தவிர்ப்பது? மூன்றாவது, மாடல் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வைக்க வேண்டும். இவ்வளவு வேகமான மனிதர் ஏன் ஒரு தடவைகூட உலக சாம்பியன் ஆகவில்லை என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அதற்கு நேர்மையான பதில் வேண்டும். "அதிர்ஷ்டம் இல்லை" என்று எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

பிட்லேன்_லெனேசியா

78 தான், தம்பி. கடைக்காரர் சொல்றதைக் கேட்காதீங்க. கயாலாமி பந்தயம் 1978 மார்ச் 4. 79 முதல்முதலா பந்தயத்தில் இறங்கினது மே மாசம் பெல்ஜியத்தில், ஸோல்டர்ல. அதுவும் மாரியோ ஆண்ட்ரெட்டிக்கு மட்டும். அங்கேயும் பீட்டர்சன் 78-ல ஓட்டித்தான் ரெண்டாவதா வந்தார். அவர் கைக்கு 79 வந்தது அடுத்த பந்தயமான ஸ்பெயின்ல. அதனால 79 மேல "கயாலாமி 1978"னு எழுதினா விஷயம் தெரிஞ்சவன் ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவான்.

நம்பர் 6. ஆண்ட்ரெட்டி 5. இங்கேதான் ஒரு பொறி இருக்கு. 1977-லயும் லோட்டஸ் 78-ல 6-ம் நம்பர் ஓடிச்சு, ஆனா அப்ப ஓட்டினவர் இன்னொரு ஸ்வீடன்காரர், கன்னர் நில்சன். உங்க கிட் 1977 பதிப்பா இருந்தா டெக்கால்ல (தண்ணியில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர்) 6 இருக்கும், பக்கத்துல பேர் நில்சன்னு இருக்கும். நம்பர் சரியா இருக்கேன்னு அப்படியே ஒட்டிடாதீங்க. பேரை மாத்தணும். ஹெல்மெட் பீட்டர்சனோட நீலம்-மஞ்சள், ஸ்வீடன் கொடி நிறம். ஸ்பான்சர் ஸ்டிக்கரும் 77-க்கும் 78-க்கும் ஒண்ணா இருக்காது, பந்தயத்துக்குப் பந்தயம்கூட மாறும். கயாலாமியில் எடுத்த போட்டோவை வச்சுக்கிட்டுத்தான் ஒட்டணும். வேற பந்தயத்துப் போட்டோ உதவாது.

ரெண்டு காரையும் பிரிச்சுப் பார்க்க பின்பக்கம் போங்க. 78-ல பின் ஸ்பிரிங், டேம்பர் வெளியே சக்கரத்தோரம் நிக்கும். அடியில் போற காத்துக்கு அது குறுக்கே நிக்குதுன்னுதான் 79-ல உள்ளே தள்ளினாங்க. பெட்ரோல் 78-ல மூணு இடத்துல இருக்கும்: ஓட்டுநர் முதுகுக்குப் பின்னாடி ஒண்ணு, ரெண்டு பக்கப் பெட்டியிலும் ஒவ்வொண்ணு. 79-ல எல்லாத்தையும் ஓட்டுநருக்குப் பின்னாடி ஒரே தொட்டியாக்கினாங்க. அதனாலதான் 79 பார்க்க ஒல்லியா, வழவழன்னு இருக்கும். 78-ன் பின் விங் பெரிசு. அடிப்பக்க உறிஞ்சல் முன்பக்கமா குவிஞ்சதால பின்னாடி பிடிப்பு பத்தாம போச்சு, அதைச் சரிக்கட்ட அவ்வளவு பெரிய விங் வேண்டியிருந்தது. நேர் ரோட்டில் 78 மெதுவா போனதுக்கும் அதுதான் காரணம்.

பக்கப் பெட்டியோட ஸ்கர்ட்டுக்கு வருவோம். இந்தக் காருக்கு உயிரே அதுதான். பெட்டியின் அடிப்பாகம் தலைகீழா வச்ச விமான இறக்கை வடிவம். அதுக்கும் தரைக்கும் நடுவுல காத்து வேகமா ஓடும்போது அழுத்தம் குறையும், கார் கீழே உறிஞ்சப்படும், இதுதான் கிரவுண்ட் எஃபெக்ட். பக்கத்திலிருந்து காத்து உள்ளே புகுந்தா எல்லாம் போச்சு. அதைத் தடுக்கத்தான் மேலும் கீழும் நழுவுற ஸ்கர்ட். ஆகவே மாடல்ல ஸ்கர்ட் தரையைத் தொட்டுக்கிட்டு நிக்கணும். பல பேர் அரை மில்லிமீட்டர் தூக்கி ஒட்டிடுவாங்க. 1/20-ல அரை மில்லின்னா நிஜத்துல ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, அப்புறம் அது கிரவுண்ட் எஃபெக்ட் காரே இல்லை. நாலு சக்கரத்தையும் மாட்டி, கண்ணாடிப் பலகை மேல வச்சு, அப்புறம்தான் ஸ்கர்ட்டை ஒட்டுங்க.

பந்தயம் எப்படிப் போச்சுன்னும் சொல்லிடறேன், அட்டைக்கு உதவும். 78 சுற்று, ஒரு சுற்று 4.104 கி.மீ. நிக்கி லாவ்டா பிராபம் கார்ல போல் (புறப்படற வரிசையில முதல் இடம்) எடுத்தார். பீட்டர்சன் கிரிட்ல நடுவுல எங்கேயோ. முதல் 20 சுற்று ஆண்ட்ரெட்டி முன்னால. அப்புறம் நம்ம தென்னாப்பிரிக்கா ஈஸ்ட் லண்டன் ஆள் ஜோடி ஷெக்டர், வுல்ஃப் கார்ல, 26-ம் சுற்று வரை. 27-லேர்ந்து ரிக்கார்டோ பட்ரேஸே. ஆரோஸ் அணிக்கு அது ரெண்டாவது பந்தயம்தான்! 63 சுற்று வரை யாரும் அவரைத் தொடலை, எஞ்சின் வெடிச்சது. அடுத்து டைரல் கார்ல பட்ரிக் தெபெயே. கடைசியில ஆண்ட்ரெட்டிக்குப் பெட்ரோல் பத்தாம பிட்டுக்கு வர வேண்டியதாச்சு. தெபெயே காரும் திணற ஆரம்பிச்சது. பீட்டர்சன் கடைசிச் சுற்றுல அவரைப் பிடிச்சு, சக்கரத்தோடு சக்கரம் உரச, மூலைக்கு மூலை மல்லுக்கட்டி முந்தினார். வித்தியாசம் 0.466 விநாடி. அந்தப் பந்தயத்துல அவர் முன்னால இருந்தது ஒரே சுற்று, 78-வது.

பெட்ரோல் ஏன் பத்தாம போச்சுன்னு கேட்பாங்க. லோட்டஸ் முதலாளி காலின் சாப்மன் எடை விஷயத்துல கஞ்சன். பத்து லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய ஏழரை கிலோ. அதைக் குறைச்சா ஒவ்வொரு சுற்றுலயும் துளித்துளியா நேரம் மிச்சம், 78 சுற்றுக்குப் பெருக்கிப் பாருங்க. ஆனா தொட்டியில இருக்கிற கடைசிச் சொட்டு வரைக்கும் பம்ப் இறைக்காது. மூலையில் கார் திரும்பும்போது மிச்சமிருக்கிற பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கும், குழாய் காத்தை உறிஞ்சும், எஞ்சின் இருமும். மூணு தொட்டி இருக்கிற கார்ல இந்தத் தொல்லை இன்னும் கூடுதல்.

கயாலாமி உயரமும் சேர்ந்துக்கும். கடல் மட்டத்துக்கு மேல சுமார் 1,500 மீட்டர், காத்தோட அடர்த்தி ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. டர்போ (காத்தை அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ற கருவி) இல்லாத காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சின் அதே அளவு பலத்தை இழக்கும். கடல் மட்டத்துல 480 குதிரைச் சக்தின்னா இங்க 400-ஐ ஒட்டித்தான். இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோல் அளவைக் குறைச்சு வைக்கலைன்னா கலவை கெட்டியாகி, பெட்ரோலும் வீண், பிளக்கும் கரி பிடிக்கும். டர்போவுக்கு இந்தக் கவலை இல்லை. அதான் ரெனோ 1979-ல இங்க போல் எடுத்தது, 1980-லயும் 1982-லயும் ஜெயிச்சது.

மாரிட்ஸ்பர்க்_பழையவர்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். லெனேசியா நண்பர் காரைப் பிரித்து மேய்ந்துவிட்டார். நான் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

பீட்டர்சன் 1944 பிப்ரவரி 14 அன்று ஸ்வீடனின் எரெப்ரோவில் பிறந்தார். தந்தை ரொட்டிக் கடை நடத்தியவர், சொந்தமாகக் கார் கட்டும் பித்தும் உண்டு. கார்ட்டிங், பிறகு ஃபார்முலா 3. 1969-இல் மொனாக்கோ ஃபார்முலா 3 பந்தயத்தில் டெக்னோ காரில் வெற்றி. அடுத்த ஆண்டு அதே மொனாக்கோவில் மார்ச் என்ற அணியின் 701 காரில் ஃபார்முலா 1-க்குள் நுழைந்தார், ஏழாவது இடம். 1971-இல் மார்ச் 711. முன்பக்கம் ஒற்றைக் காலில் நிற்கும் முட்டை வடிவ விங்கால் அதைத் "தேநீர்த் தட்டு" என்று கேலி செய்வார்கள். அந்தக் காரில் ஒரு வெற்றிகூட இல்லாமல் நான்கு இரண்டாம் இடங்கள், 33 புள்ளிகள், உலக சாம்பியன்ஷிப்பில் ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்கு அடுத்த இடம். மான்ஸாவில் 0.01 விநாடியில் பீட்டர் கெதினிடம் தோற்றது அந்த ஆண்டுதான். ஐரோப்பிய ஃபார்முலா 2 பட்டமும் அதே ஆண்டு.

சாம்பியன் பட்டம் ஏன் கிட்டவில்லை? என் கருத்தில் 1973-தான் அவருடைய ஆண்டு. அதைத்தான் அவர் தவறவிட்டார். லோட்டஸ் 72-இல் 9 போல், 4 வெற்றி. ஆனால் முதல் ஐந்து பந்தயங்களில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கயாலாமியில் பதினொன்றாவது. ஸ்பெயினில் முன்னிலையில் இருந்தபோது கியர்பாக்ஸ் போயிற்று. சொந்த நாட்டில், ஆண்டர்ஸ்டார்ப்பில், கடைசிச் சுற்றுகள் வரை முன்னே இருந்து, டயரில் காற்று இறங்கி டென்னி ஹல்மிடம் விட்டுக்கொடுத்தார். முதல் வெற்றி பிரான்சில் வந்தது. அதற்கும் தென்னாப்பிரிக்கத் தொடர்பு உண்டு: முன்னிலையில் இருந்த ஷெக்டரும் லோட்டஸ் அணித் தோழர் எமர்சன் ஃபிட்டிபால்டியும் மோதிக்கொண்டதால் வழி திறந்தது. ஆண்டு முடிவில் ஸ்டூவர்ட் 71, ஃபிட்டிபால்டி 55, பீட்டர்சன் 52. லோட்டஸ் அணிகளுக்கான பட்டத்தை எடுத்தது. அதன் இரண்டு ஓட்டுநர்களும் ஒருவர் புள்ளியை ஒருவர் தின்று ஓட்டுநர் பட்டத்தை ஸ்டூவர்ட்டுக்குத் தாரை வார்த்தார்கள்.

1974-இல் புதிய லோட்டஸ் 76 வந்தது. அதன் உலக சாம்பியன்ஷிப் அரங்கேற்றமே கயாலாமியில்தான், மார்ச் 30. கியர் கைப்பிடியில் பொத்தானை அழுத்தினால் வேலை செய்யும் மின்சார கிளட்ச், இடது காலாலும் அழுத்தத் தோதான பிரேக் மிதி, இரட்டை அடுக்குப் பின் விங். புறப்பட்டதும் பீட்டர்சனும் அணித் தோழர் ஜாக்கி இக்ஸும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். கார் தேறவில்லை என்று தெரிந்ததும் பீட்டர்சன் பழைய 72-க்கே திரும்பினார். அதே பழைய காரில் மொனாக்கோ, பிரான்ஸ், மான்ஸா என மூன்று வெற்றி.

இங்கேதான் அவருடைய பலமும் பலவீனமும் ஒன்றாகத் தெரிகின்றன. காரில் குறை இருந்தால் அவர் அதைக் கையாலேயே சமாளித்துவிடுவார். பின்பக்கம் வழுக்கினால் எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் திருப்பி, வழுக்கலிலேயே மூலையைக் கடப்பார். நேரமும் நன்றாகவே வரும். ஆனால் பிட்டுக்கு வந்ததும் எது சரியில்லை என்று பொறியாளருக்கு விளக்க வராது. ஸ்பிரிங்கை மாற்றினாலும் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி-ரோல் பாரை மாற்றினாலும் அவர் நேரம் பெரிதாக மாறாது, அவரே ஈடுகட்டிவிடுவார். நேரத்தைப் பார்த்து எது நல்ல மாற்றம் என்று அணி எப்படி முடிவு செய்யும்? ஆகவே தேறிய காரில் அவர் எவரையும் வெல்லக்கூடியவர். தேற்ற வேண்டிய காரில் அணியும் அவரும் சேர்ந்து தேங்கினார்கள். 1975 அதற்குச் சாட்சி. 72 கிழடாகிவிட்டது, டயர்கள் மற்ற கார்களுக்கு ஏற்ப மாறிவிட்டன, ஆண்டு முழுவதும் 6 புள்ளி.

1976 முதல் பந்தயம் பிரேசிலில், ஆண்ட்ரெட்டியும் அவரும், ஒரே அணிக்காரர்கள், மோதிக்கொண்டார்கள். அதோடு லோட்டஸை விட்டு மார்ச் அணிக்குப் போனார். மார்ச் அணியில் இருந்த நில்சன் லோட்டஸுக்கு வந்தார்; ஒரு ஸ்வீடன்காரருக்கு இன்னொரு ஸ்வீடன்காரர் பண்டமாற்று. மார்ச் 761 பெரிய கார் ஒன்றும் இல்லை, ஆனாலும் மான்ஸாவில் ஜெயித்தார். அது அங்கே மூன்றாவது வெற்றி.

1977-இல் ஆறு சக்கர டைரல் P34. அதே காரில் ஷெக்டர் முந்தைய ஆண்டு ஸ்வீடனில் வென்றிருந்தார் என்பதை நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. முன்னே நான்கு 10 அங்குலச் சக்கரங்கள். அந்த அளவு டயர் வேறு எந்த அணிக்கும் தேவைப்படவில்லை. ஆகவே பின் டயர் வளர்ந்த அளவுக்கு முன் டயர் வளரவில்லை. முன்பக்கப் பிடிப்பு குறைந்தது. ஈடுகட்ட முன் சக்கரங்களை அகலமாகத் தள்ளினார்கள். எடை கூடியது, சின்னச் சக்கரங்களை உடலுக்குப் பின்னே மறைத்துக் காற்றைக் கிழிப்பது என்ற மூல யோசனையே பாழாயிற்று. வழுக்கி ஓட்டுகிறவருக்கு முன்பக்கம் திரும்ப மறுக்கும் காரைவிடக் கொடுமை வேறில்லை. பீட்டர்சன் 7 புள்ளி, அணித் தோழர் தெபெயே 20.

இதற்குப் பிறகுதான் 1978. லோட்டஸில் இரண்டாம் ஓட்டுநர் என்ற நிபந்தனைக்குக் கையெழுத்திட்டுத் திரும்பினார். ஆண்ட்ரெட்டி கார் தேற்றுவதில் மன்னர். 78-ஐ 1977 முழுவதும் பழக்கி வைத்திருந்தார். தேறிய கார் கைக்குக் கிடைத்ததும் பீட்டர்சன் என்ன செய்வார் என்பதற்குக் கயாலாமி ஒரு சாட்சி, மழையில் நனைந்த ஆஸ்திரியா இன்னொன்று. பெல்ஜியம், ஸ்பெயின், பிரான்ஸ், ஹாலந்து என்று நான்கு முறை லோட்டஸ் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தபோது நான்கிலும் ஆண்ட்ரெட்டி முன், பீட்டர்சன் பின். ஹாலந்தில் இடைவெளி அரை விநாடிகூட இல்லை. ஒப்பந்தத்தை அவர் மீறவில்லை. 1979-க்கு மெக்லாரனில் ஒப்பந்தம் ஆகிவிட்டிருந்தது.

தூரிகை_வெருலம்

கறுப்பு வெளுக்கிற விஷயத்தை நான் எடுத்துக்கிறேன்.

லாக்கர் ஸ்பிரேயில இருக்கிற கரைப்பான் வேகமா ஆவியாகும்போது பரப்பு குளிரும். காத்துல ஈரம் அதிகமா இருந்தா அந்தக் குளிர்ந்த பரப்புல நீர் படியும், காயற பெயின்ட்டுக்குள்ள மாட்டிக்கும். அதுதான் அந்தப் பால் நிறம். வெள்ளைக் காருல கண்ணுக்குத் தெரியாது, கறுப்புல அப்பட்டமா தெரியும். டிசம்பர்-பிப்ரவரியில கடலோரத்துல காலையில, ராத்திரியில அடிக்கவே வேண்டாம். ஜூன்-ஆகஸ்ட் நமக்குச் சரியான காலம். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும். ஒரு சின்ன ஈரப்பத மானி வாங்கி மேசையில வச்சிடுங்க. ஏசி அறையில டிரை மோடுல ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அந்த அறையிலேயே பாகங்களையும் பெயின்ட்டையும் வச்சிருந்து, அடிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து முகமூடி போட்டுக்கலாம். ஏற்கெனவே வெளுத்துப் போச்சுன்னா உரிச்செடுக்க அவசரப்படாதீங்க. காஞ்ச நாள்ல, மெதுவா காய வைக்கிற ரிட்டார்டர் கலந்த தின்னரை ஏர்பிரஷ்ல மெல்லிசா ஒரு தூவல் தூவினா மேல்படலம் இளகி, மாட்டின ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்பி வரும்.

முறை இது. பாகங்களைப் பாத்திரம் கழுவற சோப்புல கழுவி முழுசா காய வையுங்க, அச்சு எண்ணெய் ஒட்டியிருந்தா பெயின்ட் சுருங்கும். மெல்லிசா சாம்பல் நிற பிரைமர். டமியா TS-14 கறுப்பு டப்பாவைக் கை பொறுக்கிற வெந்நீர்ல அஞ்சு நிமிஷம் நிக்க வச்சு நல்லா குலுக்குங்க. கொதிநீர் கூடவே கூடாது, டப்பா வெடிக்கும். 20-25 செ.மீ. தூரத்திலேர்ந்து முதல் தடவை வெறும் தூவல், பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு தூவல், அப்புறம் ரெண்டு ஈரப் பூச்சு. மூணு நாள் தொடாதீங்க. தூசி விழுந்திருந்தா 2000, 3000 நம்பர் தாள்ல தண்ணி தொட்டுத் தேய்ச்சுக்கலாம்.

ஜொகானஸ்பர்க் பக்கம் இதுக்கு நேர் எதிர். குளிர்காலத்துல காத்து அவ்வளவு வறட்சி, பெயின்ட் பரப்பைத் தொடறதுக்குள்ள பாதி காஞ்சு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரன்னு ஆகும். பிளாஸ்டிக்ல நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும். அங்க இருக்கிறவங்க 15 செ.மீ.க்கு நெருங்கி அடிக்கணும், தரையில தண்ணி தெளிச்சுக்கணும்.

இந்தக் காருல உண்மையான சோதனை பெயின்ட் இல்லை, தங்கக் கோடுகள். டமியா கிட்டுல ஸ்பான்சரா இருந்த சிகரெட் கம்பெனிப் பெயர் டெக்கால் வராது, தனியா வாங்கணும். ரொம்ப நாள் கிடந்த தாளா இருந்தா தேவையில்லாத ஒரு துண்டை முதல்ல நனைச்சுப் பாருங்க. நொறுங்கினா முழுத் தாள் மேலயும் மெல்லிசா கிளியர் (நிறமில்லாத பூச்சு) தூவி, காஞ்சப்புறம் ஒவ்வொண்ணா வெட்டிக்கணும். நீளக் கோட்டை ஒரே துண்டா ஒட்டப் பார்த்தா முறுக்கிக்கும். பாகம் சேர்ற இடத்துல, வளைவு ஆரம்பிக்கிற இடத்துல வெட்டி, துண்டு துண்டா ஒட்டி, முனையை முனையோட சேருங்க. அடியில பளபளப்பு இல்லாம மங்கலா இருந்தா டெக்காலுக்குக் கீழே காத்து மாட்டி வெள்ளி மாதிரி மின்னும், கறுப்புல அது மானத்தை வாங்கிடும். டெக்காலை இளக்கற சாஃப்டனர் ஒரு சொட்டு போதும், போட்டப்புறம் கோட்டைத் தொடாதீங்க, இழுத்தா நீண்டுடும்.

ரெண்டு நாள் காஞ்சதும் TS-13 கிளியர். எச்சரிக்கை: இது டெக்காலைத் தின்னும். முதல் ரெண்டு மூணு தடவை வெறும் தூவல் மட்டும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 20 நிமிஷம். எடுத்த எடுப்பிலேயே ஈரமா அடிச்சா தங்கக் கோடு சுருண்டு எழும்பும், அதுக்கு மருந்தே கிடையாது. ஸ்பிரே டப்பாவுக்குக் கரன்ட் வேண்டாம், லோட் ஷெடிங் வந்தாலும் வேலை நடக்கும். ஏர்பிரஷ்காரங்க பாவம்.

கடலோரம், டர்பன்

எல்லாருக்கும் நன்றி. 78 கிட்டே எடுக்கிறேன். அட்டைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"ரோனி பீட்டர்சன், 1944-1978. 123 பந்தயம், 10 வெற்றி, 14 போல். 1971-லும் 1978-லும் உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டாமிடம். ஃபார்முலா 1-ல் ஜெயித்த முதல் ஸ்வீடன்காரர். 1978 கயாலாமியில் கடைசிச் சுற்றில் முன்னிலை பெற்று லோட்டஸ் 78-ல் வென்றார். அதே ஆண்டு மான்ஸாவில் லோட்டஸ் 79-ல் விபத்தில் சிக்கி அந்த இடத்திலேயே இறந்தார்."

இன்னொன்று. மான்ஸா விபத்தில் அவருக்கு முறிந்தது கால்தான் என்றால் அதனால் எப்படி ஒருவர் இறக்க முடியும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஆஸ்பத்திரி_அக்கா, சாட்ஸ்வொர்த்

கால் முறிவால் இறக்க முடியும், தம்பி. தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு மாதிரி நீள எலும்புகள் உடையும்போது உள்ளே இருக்கும் மஜ்ஜையின் கொழுப்பு சின்னச் சின்னத் துளியாக ரத்தத்தில் கலக்கும். அது நுரையீரலின் மெல்லிய நாளங்களில் போய் அடைக்கும், மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். பொதுவாக உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் மூச்சுத் திணறல், குழப்பம், மார்பிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள் வரும். பீட்டர்சனுக்கு இரண்டு காலும் பல இடத்தில் நொறுங்கியிருந்தது. மிலான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நினைவோடுதான் இருந்தார். அறுவை சிகிச்சை செய்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கொழுப்பு அடைப்பு தீவிரமாகி, மறுநாள் காலை இறந்தார். ஆகவே "அந்த இடத்திலேயே" என்பதை எடுத்துவிடுங்கள். விபத்து செப்டம்பர் 10, மரணம் 11.

இப்போது முறிந்த எலும்பைச் சீக்கிரமே அசையாமல் நிலைநிறுத்துவதும், ரத்த ஆக்ஸிஜனை விடாமல் கண்காணிப்பதும், தேவைப்பட்டால் வென்டிலேட்டரில் வைப்பதும் வழக்கம். கொழுப்பைக் கரைக்கும் மருந்து என்று இன்றும் ஒன்றும் இல்லை. அது அடங்கும்வரை நுரையீரலைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

பிட்லேன்_லெனேசியா

அக்கா சொன்னதோட இன்னும் ரெண்டு திருத்தம்.

மான்ஸாவுல அவர் ஓட்டினது 79 இல்லை. காலையில வார்ம்-அப்ல பிரேக் கோளாறுல அவரோட 79 சேதமாச்சு. உபரியா இருந்த 79 ஆண்ட்ரெட்டிக்கு அளவெடுத்தது, பீட்டர்சன் உயரத்துக்கு அதுல உட்கார முடியாது. அதனால பழைய 78-ஐ எடுத்தார். பின்வரிசைக் கார்கள் முழுசா நிக்கறதுக்கு முன்னாலேயே பச்சை விளக்கு போட்டாங்க. ஓடி வந்துக்கிட்டிருந்தவங்க நின்னவங்க மேல நெருக்க, பாதை குறுகுற இடத்துல எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிச்சு. கார் தடுப்புல மோதித் தீப்பிடிச்சது. ஜேம்ஸ் ஹன்ட், ரெகஸ்ஸோனி, தெபெயே மூணு பேரும் இழுத்து வெளியே போட்டாங்க. பட்ரேஸேதான் காரணம்னு மத்த ஓட்டுநர்கள் கைகாட்டி ஒரு பந்தயம் தடை பண்ண வச்சாங்க, பிற்பாடு இத்தாலி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி இல்லைன்னு விட்டுடுச்சு. முதல் சுற்று முழுக்க டாக்டர் காரு பின்னாலயே ஓடணும்கிற ஏற்பாட்டை ஃபார்முலா 1 டாக்டர் சிட் வாட்கின்ஸ் கேட்டு வாங்கினது இந்த விபத்துக்கு அப்புறம்தான்.

ரெண்டாவது, முதல்ல ஜெயிச்ச ஸ்வீடன்காரர் பீட்டர்சன் இல்லை, யோ பொன்னியர். 1959-ல ஸான்ட்வூர்ட்ல, பி.ஆர்.எம். கார்ல. நில்சனுக்கும் ஒண்ணு உண்டு, 1977 பெல்ஜியம், இதே 78, இதே 6-ம் நம்பர். "அதிக வெற்றி பெற்ற ஸ்வீடன்காரர்"னு போடுங்க, அது சரி. பொன்னியர் ஒண்ணு, நில்சன் ஒண்ணு, பீட்டர்சன் பத்து, மொத்தம் பன்னிரண்டு.

மத்ததெல்லாம் சரியா இருக்கு. 1978 ரெண்டாமிடம் அவர் இறந்தப்புறம் உறுதியானது, 51 புள்ளி, ஆண்ட்ரெட்டி 64. இடம் இருந்தா அதையும் சேருங்க. அட்டையை ஒட்டறதுக்கு முன்னாடி பின் விங்கோட பக்கத் தகட்டையும் போட்டோவோட ஒப்பிட்டுப் பார்த்துடுங்க.